மடிக்கணினி விசிறியின் இரைச்சல்: காரணமும் பரிகாரமும்

கோடைக்கால இரவு, மணி பத்தைத் தாண்டிவிட்டது. நாகபுரி போன்றதொரு நகரில் இரண்டே அறைகள் கொண்ட வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்னறையில் பொறியியல் மாணவன் ஒருவன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறான். கட்டட வரைபடங்களை முப்பரிமாணத்தில் அமைப்பதற்கும், படிப்பு முடிந்தபின் சிறிது நேரம் விளையாடுவதற்கும் ஏற்றதென்று மாதத் தவணையில் வாங்கிய கணினி அது. பின்னறையில் அவனுடைய பாட்டனார் உறங்க முயல்கிறார். கணினியின் விசிறியோ ஒருமுறை சீறுகிறது, சற்று அடங்குகிறது, மீண்டும் சீறுகிறது. ஓசையை மறைக்க மாணவன் ஹெட்போனை அணிந்து அதன் ஒலியைக் கூட்டுகிறான். பாட்டனாருக்கு அந்த வசதியும் இல்லை.

இத்தகைய வீடுகள் நம் நாட்டில் இன்று பல. இங்கே மூன்று பொருள்கள் நஷ்டத்துக்கு உள்ளாகின்றன. முதலாவது வீட்டாரின் உறக்கம். இரண்டாவது இளைஞனின் செவி. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. இரைச்சலை வெல்ல ஹெட்போனின் ஒலியைக் கூட்டுபவர் இந்த எல்லையைத் தம்மை அறியாமலே கடந்துவிடக் கூடும். மூன்றாவது, தவணை தீரும் முன்னரே யந்திரம் பழுதாகிவிடும் அபாயம். ஓசையைப் பொறுக்க இயலாமல் விசிறியை மட்டும் அடக்கிவிடுவோர் இம்மூன்றாவது நஷ்டத்தைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். விசிறி எதற்காக ஓடுகிறது என்பதை அறிந்துகொண்டால், யந்திரத்துக்குத் தீங்கின்றி ஓசையைக் குறைக்கும் வழிகளும் தாமே புலப்படும்.

உஷ்ணம் எங்கே பிறக்கிறது?

கணிக்கும் யந்திரங்களும் உஷ்ணமும் பிறந்த நாள் முதலாகவே பிரியாதவை. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டில் அறிமுகமான எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சக்தியை விழுங்கியது. அதன் உஷ்ணத்தை அகற்றக் காற்றைச் செலுத்தும் பெரிய ஏற்பாடுகள் தேவைப்பட்டன. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கி, 1962-ஆம் ஆண்டில் டிஃப்ராக் என்று பெயர் சூட்டப்பெற்ற கணிப்பொறியில் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. இன்று அந்த யந்திரங்களைவிடப் பன்மடங்கு வல்லமை கொண்ட கணினி ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. உஷ்ணத்தின் பிரச்சினையும் அப்பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கணினிக்குள் செல்லும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. அடுப்பு செய்யும் வேலையும் கணினி செய்யும் வேலையும் இந்த ஒரு வகையில் ஒன்றே. சாதாரண மடிக்கணினிக்கு 45 அல்லது 65 வாட் சார்ஜர் போதும். விளையாட்டு மடிக்கணினிகளுடன் 180, 230, 330 வாட் வரையுள்ள சார்ஜர்கள் கொடுக்கப்படுகின்றன. உஷ்ணம் எவ்வளவு மிகுதி என்பதை இந்த எண்களே கூறும்.

இந்த உஷ்ணத்தின் பெரும்பகுதி இரண்டு சில்லுகளில் பிறக்கிறது. ஒன்று, கணக்குகளைச் செய்யும் மையச் செயலி. மற்றொன்று, திரையில் தோன்றும் காட்சிகளைத் தீட்டும் வரைகலைச் செயலி. இவற்றுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்விசைகள் உள்ளன. ஒவ்வொரு விசையும் திறந்து மூடும்போது சிறிதளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அவ்வாறு செலவாகும் சக்தி இரு காரணங்களால் கூடும். விசைகள் விநாடிக்கு எத்தனை முறை இயங்குகின்றனவோ, அந்த அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் சக்தி கூடும். சில்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினாலோ அதன் இருபடிக்கு ஏற்பச் சக்தி கூடும்.

இதன் விளைவு மிக முக்கியமானது. சில்லை விரைவாக ஓட்டவேண்டுமானால் பொதுவாக மின்னழுத்தத்தையும் உயர்த்தவேண்டும். இரண்டையும் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்தால் என்ன நேரும்? 0.9 என்னும் எண்ணை மும்முறை பெருக்கினால் 0.729 வருகிறது. அதாவது வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், இவ்வகைச் சக்திச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மீதமாகிறது. வேகத்தின் கடைசிப் படிகளே உஷ்ணத்தில் மிக விலையுயர்ந்த படிகள் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்துவது நலம்.

உஷ்ணம் வெளியேறும் வழி

சில்லின் உஷ்ணம் நேரே காற்றுக்குப் போய்விடுவதில்லை. சில்லின் மேல் வெப்பப் பசை ஒன்று மெல்லப் பூசப்பட்டிருக்கும். கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கிடைப்பது இதுவே. சில்லின் பரப்பும் அதன்மேல் அமரும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் உஷ்ணம் தடைப்படும். காற்று உஷ்ணத்தை மிக அரிதாகவே கடத்துவது. பசை அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. அது காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலாக உஷ்ணத்தைக் கடத்தும்.

செப்புத் தகட்டிலிருந்து உஷ்ணத்தை ஏற்றுச் செல்வன வெப்பக்குழாய்கள். இவற்றின் அமைப்பு வியக்கத்தக்கது. இரு முனைகளும் அடைக்கப்பட்ட செப்புக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். உள்ளேயிருந்த காற்று பெரும்பாலும் அகற்றப்பட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலால் நீர் தாழ்ந்த உஷ்ணநிலையிலேயே ஆவியாகும். சூடான முனையில் ஆவியான நீர் குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே உஷ்ணத்தை விட்டு மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம், விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல, அந்நீரைச் சூடான முனைக்குத் திரும்பக் கொணர்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4 ஜூல் போதும். அதையே ஆவியாக்க 2,000 ஜூலுக்கு மேல் வேண்டும். மண்பானையில் நீர் குளிர்வதற்கும் வெப்பக்குழாயின் திறமைக்கும் காரணம் ஒன்றே. இத்தகைய கருவிக்கு அமெரிக்காவில் காக்லர் என்பவர் 1944-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றிருந்தார். 1963-ஆம் ஆண்டில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் குரோவர் என்பவர் இதைத் தனியே கண்டு நிலைநாட்டினார்.

குழாய்களின் மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றினூடே காற்றை ஊதுவதே விசிறியின் பணி. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை எளிதில் கணக்கிடலாம். ஒரு லிட்டர் காற்றின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.2 ஜூல் செலவாகும். 100 வாட் உஷ்ணத்தை ஏற்றுச் செல்லும் காற்று 20 டிகிரி சூடாகி வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியாயின் விநாடிக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மிகுதியான காற்று அந்தச் சிறிய பெட்டியினுள் புகுந்து வெளிவரவேண்டும். விரல் கனமேயுள்ள பெட்டியில் இதைச் சாதிக்க விசிறி மிக விரைவாகச் சுழலத்தான் வேண்டியிருக்கிறது.

ஓசையின் கணக்கு

விசிறியின் ஓசை இரு வகைப்பட்டது. இதழ்களைச் சுற்றியும் தகடுகளின் இடுக்குகளிலும் காற்று சுழித்துக் குழம்புவதால் எழும் 'ஹோ' என்னும் பரந்த இரைச்சல் ஒன்று. ஒவ்வோர் இதழும் ஒரே இடத்தைக் கடக்கும்போது எழும் கூரிய சுருதி மற்றொன்று. உதாரணமாக, 37 இதழ்கள் கொண்ட விசிறி நிமிஷத்துக்கு 4,500 முறை சுழன்றால், விநாடிக்கு 75 சுற்றுகள் ஆகின்றன. விநாடிக்கு 2,775 முறை இதழ்கள் கடந்து செல்கின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்பது விநாடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளையே. சிறு விசிறியின் ஓசை பெரிய மேசை விசிறியின் ஓசையைவிட நம்மை மிகுதியாக உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழற்சியின் வேகத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவைப் பொறியியலார் விதியாக வகுத்துள்ளனர். காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். விசிறியைச் சுழற்றத் தேவையான சக்தியோ வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். ஓசை இன்னும் விரைவாக ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தால் ஓசை பாதியாகிவிட்டதாக நம் செவிக்குத் தோன்றும். ஆகவே நிமிஷத்துக்கு 5,000 சுற்றுகளிலிருந்து 4,000 சுற்றுகளுக்கு இறங்குவது சிறிய லாபமன்று. காற்றின் அளவு நூற்றுக்கு இருபதுதான் குறைகிறது. செவிக்குக் கிடைக்கும் ஆறுதல் அதனினும் பெரிது.

வீட்டினுள் எவ்வளவு ஓசை தகும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்றும் எல்லை வகுத்துள்ளன. இவை சுற்றுப்புறத்துக்கு உரியவை. வீட்டுக் கருவிகளுக்காக வகுக்கப்பட்டவை அல்ல. எனினும் ஒப்பிடுவதற்கு உதவும். முழு வேகத்தில் இயங்கும் விளையாட்டு மடிக்கணினியின் ஓசை அமர்ந்திருப்பவரின் செவியருகே 50 டெசிபெலை எட்டுவதுண்டு.

விசிறி ஏன் சீறி அடங்குகிறது?

ஒரே சீரான ஓசைக்கு நம் செவி விரைவில் பழகிவிடுகிறது. ஏறி இறங்கும் ஓசைக்குப் பழகுவதில்லை. மழை பொழியும் இரவில் உறங்குபவர், சொட்டுச் சொட்டாகக் குழாய் ஒழுகும் இரவில் உறங்கமாட்டார். ஆகவே விசிறி அடிக்கடி சீறி அடங்குவதைத் தடுப்பது, மொத்த ஓசையைக் குறைப்பதற்கு நிகரான பயனுடையது.

விசிறியின் வேகத்தை ஆளுவது கணினியின் பலகையில் உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று. இன்ன உஷ்ணநிலைக்கு இன்ன வேகம் என்னும் அட்டவணை அதனிடம் உண்டு. இன்றைய செயலிகள், வேலை வந்தவுடன் சில விநாடிகளுக்குத் தம் நிலையான அளவைக் கடந்து மிக விரைவாக ஓடும் இயல்புடையவை. இன்டெல் நிறுவனம் 2008-ஆம் ஆண்டில் டர்போ பூஸ்ட் என்னும் பெயரில் இம்முறையைக் கொணர்ந்தது. பிற நிறுவனங்களும் இத்தகைய முறைகளைக் கையாளுகின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தாலும், பின்னணியில் மென்பொருள் ஒன்று தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலும், சில்லின் உஷ்ணநிலை ஓரிரு விநாடிகளில் பல டிகிரி தாவுகிறது. விசிறி அதைத் துரத்துகிறது. வேலை முடிந்ததும் உஷ்ணம் இறங்க, விசிறியும் இறங்குகிறது. சிறிது நேரத்தில் இக்கூத்து மீண்டும் தொடங்குகிறது.

முதற் பரிகாரம்: உஷ்ணத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைத்தல்

பணச் செலவின்றி உடனே செய்யத்தக்கவை இவையே.

ஒன்று: கணினியைத் தயாரித்தவர்கள் கொடுத்துள்ள இயங்கு முறைகளைப் பயன்படுத்துதல். பெரும்பாலான விளையாட்டு மடிக்கணினிகளில் அமைதி முறை, நடுத்தர முறை, முழுவேக முறை என மூன்று இருக்கும். முழுவேக முறையில் விசிறியின் அட்டவணை மட்டுமன்றிச் செயலிகளுக்குரிய வாட் எல்லையும் உயர்த்தப்படுகிறது. படிப்புக்கும் எழுத்துக்கும் அமைதி முறையே போதும். விளையாட்டுக்கும் நடுத்தர முறை பெரும்பாலும் போதும்.

இரண்டு: விளையாட்டில் விநாடிக்கு இத்தனை படங்கள் என்று எல்லை வகுத்தல். இதுவே மிகுந்த பயன் தருவது. எல்லை இல்லாவிட்டால் வரைகலைச் செயலி தன்னால் இயன்ற அளவு படங்களைத் தீட்டிக்கொண்டே இருக்கும். திரை விநாடிக்கு 60 படங்களே காட்டவல்லதாயினும், செயலி 150 படங்களைத் தீட்டும். விளையாட்டின் முகப்புப் பட்டியலில், யாதொரு காட்சியும் அசையாத வேளையிலும், இதைவிட மிகுதியாகவும் தீட்டும். காட்டப்படாத படங்களுக்காகச் செலவான சக்தி உஷ்ணமாக மட்டும் எஞ்சுகிறது. விளையாட்டின் அமைப்புகளிலேயே இந்த எல்லையை வகுக்கலாம். வரைகலைச் செயலியின் அமைப்புப் பக்கத்திலும் வகுக்கலாம். என்விடியா நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய 'விஸ்பர் மோட்' என்னும் ஏற்பாடும் இத்தத்துவத்தைக் கொண்டதே.

மூன்று: செயலியின் தாவும் வேகத்தை, அது தேவைப்படாத வேளைகளில், நிறுத்தி வைத்தல். விண்டோஸ் இயங்குதளத்தின் மின்சக்தி அமைப்புகளில் செயலியின் உச்ச நிலை என்று ஓர் எண் உண்டு. அதை 100-லிருந்து 99 ஆக்கினால் பல மடிக்கணினிகளில் அத்தாவல் நின்றுவிடும். சீறி அடங்கும் தொல்லைக்கு இது நல்ல மருந்து. சில கணினிகளில் இவ்வெண் திரையில் தோன்றாமல் மறைக்கப்பட்டிருக்கலாம்; அங்கே அமைதி முறையே அந்த வேலையைச் செய்யும்.

நான்கு: சாதாரண வேலையின்போது வரைகலைச் செயலி உறங்குகிறதா என்று பார்த்தல். 2010-ஆம் ஆண்டு முதல் வந்த ஆப்டிமஸ் போன்ற ஏற்பாடுகள், தேவையில்லாதபோது பெரிய வரைகலைச் செயலியை அணைத்துவிட்டு, மையச் செயலியுடன் இணைந்த சிறிய வரைகலைப் பகுதியை இயக்குகின்றன. அமைப்பு மாறியிருந்தாலோ, ஏதோவொரு மென்பொருள் பின்னணியில் பெரிய செயலியை எழுப்பிக்கொண்டிருந்தாலோ, எழுதும் வேளையிலும் விசிறி ஓடும்.

மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் குறைத்து வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும் முறையும் ஒன்று உண்டு. மின்னழுத்தம் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் அதைச் சார்ந்த சக்தி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறையும். ஆனால் அளவு மீறிக் குறைத்தால் கணினி திடீரென்று நின்றுபோகும். சேமிக்காத வேலை அழியும். மேலும், இவ்வசதியைப் பயன்படுத்தி இரகசியங்களைக் களவாடும் வழியொன்றை ஆராய்ச்சியாளர்கள் 2019-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய பின்னர், பல தயாரிப்பாளர்கள் இதைப் பூட்டிவிட்டனர். தயாரிப்பாளர் வெளிப்படையாக அனுமதித்துள்ள கணினிகளில் மட்டும், சிறு சிறு படிகளாக இதைச் செய்வதே அறிவுடைமை.

இவற்றின் பயனை ஒரு கணக்கால் காண்போம். ஒரு கணினியின் சில்லுகள் 90 வாட் உஷ்ணத்தை வெளியிடுகின்றன என்றும், அறையின் உஷ்ணநிலை 25 டிகிரியாக இருக்கும்போது, குறிப்பிட்ட விசிறி வேகத்தில், அவை 80 டிகிரியில் நிற்கின்றன என்றும் கொள்வோம். அறையைவிடச் சில்லு 55 டிகிரி மிகுதி. கோடையில் அறை 38 டிகிரிக்கு ஏறினால், அதே விசிறி வேகத்தில் சில்லு 93 டிகிரியை எட்டும். அதைத் தடுக்கக் கணினி விசிறியை விரட்டும், இரைச்சல் எழும். இப்போது உஷ்ணத்தை 70 வாட்டுக்குக் குறைத்தால் அந்த 55 டிகிரி மிகுதி ஏறத்தாழ 43 டிகிரியாக இறங்கும். 38-உடன் 43-ஐக் கூட்டினால் 81. அதாவது இருபது வாட் சிக்கனம் கோடையின் கொடுமையை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்துவிட்டது. விசிறி பழைய வேகத்திலேயே ஓடலாம்.

இரண்டாம் பரிகாரம்: காற்றுக்கு வழி விடுதல்

மடிக்கணினிகள் பெரும்பாலும் அடிப்பாகத்தில் காற்றை உறிஞ்சிப் பின்புறத்திலோ பக்கங்களிலோ வெளிவிடுகின்றன. மெத்தையின் மீதோ தலையணையின் மீதோ வைத்தால் உறிஞ்சும் வாய் அடைபடுகிறது. விசிறி எவ்வளவு விரைந்தாலும் காற்று கிடைப்பதில்லை, ஓசைதான் மிஞ்சுகிறது. கடினமான மேசையின் மீது வைத்து, பின்பகுதியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினால் நிலைமை சீர்படும். இதற்கு விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. இரு மரக்கட்டைகளே போதும். ஆனால் காற்று நுழையும் துளைகளை அக்கட்டைகள் மறைத்துவிடலாகாது.

பின்புறம் சுவருக்கு ஒட்டியிருந்தால் வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உள்ளே வரும். ஓசையும் சுவரில் பட்டுத் திரும்பும். ஆதலால் சுவருக்கும் கணினிக்கும் இடையே ஒரு சாண் இடமாவது விடுக. அடியில் வைக்கும் விசிறிப் பலகைகள் ஓரளவு உதவும். ஆயின் அவையும் ஓசை எழுப்புவனவே. தனியான விசைப்பலகையும் திரையும் உள்ளவர்கள் கணினியைச் சற்றுத் தொலைவில் வைக்கலாம். திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் ஓசை 6 டெசிபெல் குறையும். சுவர்கள் சூழ்ந்த அறையில் அவ்வளவு குறையாவிட்டாலும் பயன் உண்டு.

மூன்றாம் பரிகாரம்: தூசியும் பசையும்

வாங்கிய ஆண்டில் அமைதியாக இருந்த கணினி இரண்டு மூன்று ஆண்டுகளில் இரைச்சலிடத் தொடங்கினால் முதலில் ஐயுறவேண்டியது தூசியையே. துணி நூலிழைகளும் புழுதியும் விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே படிந்து கம்பளி போன்றதொரு திரையாகிவிடுகின்றன. புழுதி மிகுந்த நம் நகரங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதை நீக்குவது அவசியம்.

கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொடங்கவேண்டும். அடிமூடியைத் திறப்பதால் உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்பதை முன்னரே தெரிந்துகொள்க. திறந்தபின் பாட்டரியின் இணைப்பையும் விடுவித்தல் வேண்டும். அழுத்தக் காற்றால் ஊதும்போது, விசிறியின் இதழ்களை ஒரு மெல்லிய குச்சியால் சுழலாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அளவு கடந்த வேகத்தில் சுழன்றால் அதன் தாங்கி பழுதாகும். தொடர்ந்து ஊதாமல், விட்டு விட்டு ஊதுதல் நன்று.

தூசியை நீக்கியும் உஷ்ணம் அடங்காவிட்டால் வெப்பப் பசை உலர்ந்தோ விலகியோ போயிருக்கலாம். பழைய பசையை அகற்றிப் புதிது பூசுவது பழகிய கைகளுக்கு எளிது. பழகாதவர்கள் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம். திரவ உலோகம் என்று விற்கப்படும் பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி தவறி விழுந்தாலும் கணினி பாழாகும்.

காற்றின் இரைச்சலாக இன்றிக் கடகடவென்றோ உராய்வதுபோலவோ ஓசை எழுந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை, விசிறியையே மாற்றவேண்டும்.

செய்யத்தகாதவை

உஷ்ணத்தைக் குறைக்காமல் விசிறியை மட்டும் மென்பொருளால் அடக்குவது, கொதிக்கும் பாத்திரத்தின் மூடியை அழுத்திப் பிடிப்பதை ஒக்கும். இன்றைய செயலிகள் தற்காப்பு உடையவை என்பது உண்மையே. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். ஆயினும் அச்சில்லுகளுக்கு அருகே இருக்கும் லிதியம் அயனி பாட்டரிக்கு அத்தகைய தாங்குசக்தி இல்லை. நீடித்த உஷ்ணம் அதன் ஆயுளைக் குறைக்கும். பாட்டரி உப்பிக் கணினியின் அடிப்பாகமோ தொடுபலகையோ புடைத்துக் காணப்பட்டால், அந்தக் கணினியை உடனே நிறுத்திவிடவேண்டும், சார்ஜரை இணைக்கலாகாது, பாட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

ஓசைக்குப் பயந்து துளைகளைத் துணியாலோ பஞ்சாலோ மூடுவதும் இத்தகைய தவறே.

முடிவாக

தொடக்கத்தில் கண்ட வீட்டுக்குத் திரும்புவோம். அந்த மாணவன் செய்யவேண்டியது மிகுதியன்று. இரவில் நடுத்தர முறையையோ அமைதி முறையையோ தேர்ந்துகொள்ளட்டும். விளையாட்டில் விநாடிக்கு 60 படங்கள் என எல்லை வகுக்கட்டும். படிக்கும் வேளையில் செயலியின் தாவலை நிறுத்தட்டும். மெத்தையை விட்டு மேசைக்கு வந்து, கணினியின் பின்பகுதியை உயர்த்தி, சுவரை விட்டு விலக்கி வைக்கட்டும். இவற்றுக்குச் சில நிமிஷங்கள் போதும். ஒரு காசும் செலவில்லை. கோடை தொடங்குமுன் ஆண்டுக்கு ஒருமுறை தூசியை நீக்குவது அடுத்த கடமை.

விசிறியின் வேகம் நூற்றுக்கு இருபது முதல் முப்பது குறைந்தால் ஓசை 5 முதல் 8 டெசிபெல் வரை குறையும். அந்த அளவே ஹெட்போனின் ஒலியைத் தணிக்கவும், அடுத்த அறையில் இருப்பவரின் கண் அயரவும் போதுமானதாகலாம். யந்திரமும் தன் தவணைக் காலத்தைக் கடந்து நெடுநாள் உழைக்கும்.